கிண்டில் பேப்பர்வைட்டில் தமிழ்: ஒரு கருவி, மூன்று நூல்கள்

அமேசானின் கிண்டில் பேப்பர்வைட், புத்தகம் படிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி. 2021-இல் வெளிவந்த பதினொன்றாம் தலைமுறைப் பேப்பர்வைட்டின் திரை 6.8 அங்குலம், எடை 205 கிராம். திரையில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். திருச்சி புத்தூரில் வசிக்கும் ஒரு சாதாரண வாசகரின் தேவையை வைத்து அந்தக் கருவி இங்கே அளக்கப்படுகிறது. அவர் ஆராய்ச்சிக்காகப் படிப்பவர் அல்ல. நால்ரோட்டில் பேருந்துக்கு நிற்கும்போதும், அரசு மருத்துவமனையில் உறவினருக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும்போதும், இரவில் விளக்கணைத்த பிறகும் கதை படிப்பவர். கருவியைச் சோதிக்க மூன்று நூல்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன: கல்கியின் பொன்னியின் செல்வன், உ.வே.சாமிநாதையர் எழுதிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரலாறு, சுஜாதாவின் ஸ்ரீரங்கத்து தேவதைகள். மூன்று நூல்களுக்கும் திருச்சியோடு உறவு உண்டு. முதலாவது இலவசமாகத் தட்டச்சு செய்யப்பட்ட உரை, இரண்டாவது பழைய அச்சின் ஸ்கேன், மூன்றாவது காப்புரிமை உள்ள, காசு கொடுத்து வாங்க வேண்டிய நூல்.

முதலில் திரை. கைபேசித் திரை உள்ளிருந்து ஒளியைக் கண்ணில் வீசுகிறது. மின்மை எனப்படும் கிண்டில் திரை அப்படியல்ல. மயிரிழை அளவுள்ள நுண்குமிழிகளுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஏதேனும் ஒன்று மேலே வருகிறது, மற்றது கீழே போகிறது. எழுத்து அப்படியே நின்றுவிடுவதால், பக்கம் திருப்பும்போது மட்டுமே திரை மின்சாரத்தைச் செலவழிக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் 1990-களின் பிற்பாதியில் உருவான நுட்பம் இது. மின்மைத் திரையைப் படிக்கத் தேவையானது வெளிச்சம், அது எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. சித்திரை மாத நண்பகலில், கைபேசித் திரையில் முகம் மட்டுமே தெரியும் நேரத்தில், பேப்பர்வைட்டின் எழுத்து அச்சுத்தாள் போலத் தெளிவாக நிற்கிறது. இருட்டில் படிக்க, திரையின் ஓரத்திலிருந்து அதன் மேல் ஒளி படரும்படி 17 சிறுவிளக்குகள் உண்டு. அந்த ஒளியை மஞ்சள் பக்கமாகவும் திருப்பலாம். பக்கத்தில் தூங்குபவரை அது எழுப்பாது.

தமிழ் எழுத்துக்கு 300 புள்ளிகள் என்பது வெறும் விளம்பர எண் அல்ல. தமிழில் ஒரு மெய்யெழுத்து நிற்பதும் விழுவதும் தலைமேல் உள்ள புள்ளியில்தான். ணகரத்துக்கும் னகரத்துக்கும், கூட்டுக்கும் குட்டுக்கும் இடையே இருப்பது ஒரு சுழியோ ஒரு வளைவோ. மலிவான பழைய மின்மைத் திரைகளில் சிறிய எழுத்தில் இவை கலங்கிவிடும். பேப்பர்வைட்டில் மிகச் சிறிய அளவுக்கு இறங்கினாலும் புள்ளி புள்ளியாகவே தெரிகிறது. சில நேரம் முந்தைய பக்கத்தின் மங்கல் நிழல் கொஞ்சம் தங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையை முழுதாகத் துடைத்து வரையும் அமைப்பைப் போட்டுவிட்டால் அது போய்விடும்.

தமிழ் இந்தக் கருவிக்குள் எளிதாக நுழைந்துவிடவில்லை. கிண்டில் 2007-இல் வந்தது. தமிழ் நூல்களுக்கென அதன் கடையில் தனிப்பிரிவு திறந்தது 2016 டிசம்பரில்தான். அதற்கு முன்பே, 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தன்னார்வலர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாவிட்டால், நூலையே ஆறு அங்குலத் திரைக்கு அளவெடுத்து பி.டி.எஃப். ஆக்கிக் கொடுப்பது. அந்த ஆறு அங்குலக் கோப்புகள் இன்றும் அவர்கள் தளத்தில் கிடைக்கின்றன. ஒரு பெருநிறுவனம் தங்கள் மொழியைக் கவனிக்கும்வரை காத்திருக்காமல் செய்த அந்த வேலை மதிக்கத்தக்கது.

பொன்னியின் செல்வன் இந்தக் கருவிக்கு மிகப் பொருந்தும் நூல். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. கல்கி திருச்சி தேசியப் பள்ளியில் படித்து, 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டவர். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால், ஐந்து பாகங்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் இந்த உரைகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கின்றன. அச்சில் ஐந்து பாகங்களையும் ஒரே பையில் போட்டுத் தூக்க முடியாது. கருவியில் அவை எடையற்றவை. வாராவாரம் எழுதப்பட்டதால் அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடிபவை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போய்ச் சேருவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்து, அடுத்ததன் தொடக்கம் கையைப் பிடித்து இழுக்கும்.

நாவல் ஆடிப்பெருக்கில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அம்மா மண்டபம் படித்துறையில் பதினெட்டாம் பெருக்கைப் பார்த்து வளர்ந்த வாசகருக்கு அந்த முதல் அத்தியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாயகன் வந்தியத்தேவனைவிட ஒற்றன் ஆழ்வார்க்கடியான்தான் இந்த வாசிப்பில் நெஞ்சில் தங்குகிறான். சண்டைக்கும் வேவுக்கும் நடுவே அவன் பேச்சுதான் கதையை மண்ணோடு சேர்த்துக் கட்டுகிறது. மூன்றாம் பாகத்தில் நடை கொஞ்சம் தளர்வதும், சதியாலோசனைகள் திரும்பத் திரும்ப வருவதும் தொடர்ச்சியாகப் படிக்கும்போது தெரிகிறது. வாரம் ஒன்றாகப் படித்த அன்றைய வாசகர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இலவசக் கோப்பில் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தொடரில் மணியம் வரைந்த ஓவியங்கள் அதில் இல்லை. குந்தவையின் கொண்டையும் நந்தினியின் பார்வையும் தமிழ்நாட்டில் இன்ன விதம் என்று நிலைத்ததில் அந்த ஓவியங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்னொரு குறை கருவியுடையது. பெரிய பழுவேட்டரையர் முன்பு என்ன சொன்னார் என்று பார்க்கப் பின்னோக்கிப் போவது, தாளில் கட்டைவிரலால் புரட்டுவதைவிட மெதுவான காரியம். பாத்திரங்கள் நிறைந்த நாவலுக்கு இது சிறிய குறை அல்ல.

தமிழ்ச் சொல்லின் நீளம் இன்னொரு சிக்கல். விகுதியும் வேற்றுமையும் துணைவினையும் சேர்ந்து ஒரே சொல் பாதி வரியை அடைத்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கி, இருபக்கமும் சமன்செய்யும் அமைப்பில் வைத்தால், ஒரு வரியில் இரண்டு சொற்கள் மட்டும் நின்று நடுவில் வெட்டவெளி தெரியும். அமைப்பில் போய் வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் கண்ணுக்கு நிம்மதி. தமிழ் படிப்பவர் கருவியை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

இரண்டாவது நூல் கருவியைத் திணறடித்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-இல் பிறந்தவர். திரிசிரபுரம் எனப்பட்ட திருச்சியில் வாழ்ந்து பாடம் சொன்னவர். புத்தூரை ஒட்டிய உறையூருக்குத் தலபுராணமும், திருவானைக்கா அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழும் பாடியவர். மாணவர் சாமிநாதையர் அவருடைய வாழ்க்கையை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பழைய அச்சுப் பக்கங்களை அப்படியே படம் பிடித்த கோப்பில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்க முடியும். கருவியைக் குறுக்காகப் பிடித்தால் பாதிப் பக்கம் படிக்கும் அளவில் வருகிறது. மறுபாதிக்கு மீண்டும் ஒரு தட்டல். ஐயர் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் தரும் குறிப்புகள் கண்ணைச் சுருக்க வைக்கின்றன. பெரிய ஸ்கேன் கோப்புகளை மின்னஞ்சல் வழியே கருவிக்கு அனுப்பவும் இயலாது. அந்த வழியின் எல்லை 50 எம்.பி. அப்போது கேபிள் துணை செய்யும்.

இத்தனை சிரமத்துக்கும் நூல் ஈடு கொடுக்கிறது. நூல்களைத் தேடி ஏடு ஏடாக அலைந்து, கிடைத்ததைக் கையால் படி எடுத்துக்கொண்டு கல்வி தேடிய ஒரு தலைமுறையின் வாழ்க்கை அதில் இருக்கிறது. பாடல்களை எழுத்தாணியே களைக்கும் வேகத்தில் சொல்லக்கூடிய ஒருவர், கையில் காசில்லாமல் மடங்களையும் கொடையாளர்களையும் நம்பி வாழ்ந்தார். அதை ஐயர் புகார் இல்லாமல் சொல்லிப் போகிறார். ஆசிரியர் மீது மாணவர் வைத்த அன்பு, புகழ்மொழிகளில் இருப்பதைவிட, எந்தப் பாடல் எந்த ஊரில் யார் கேட்டு எழுந்தது என்ற விவரங்களில்தான் கூடுதலாகத் தெரிகிறது.

நூலில் செய்யுள்கள் ஏராளம். ஸ்கேனில் அவற்றின் அடிகள் அச்சில் உள்ளபடியே நிற்கின்றன. அதே செய்யுளை எழுத்தாக மாற்றிய கோப்பில், எழுத்தைப் பெரிதாக்கியதும் ஒவ்வோர் அடியும் உடைந்து அடுத்த வரிக்குச் சரிகிறது. எதுகை எங்கே நிற்கிறது என்பது பிடிபடாமல் போகிறது. விருத்தத்தைப் படிக்கும்போது மட்டும் எழுத்தைச் சிறிதாக்கி, கருவியைக் குறுக்காக வைத்தால் பெரும்பாலான அடிகள் முழுதாக நிற்கும்.

படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் பழைய தமிழ் அச்சில் எங்கே வழுக்குகிறது என்பதையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. ரகரமும் நெடிலின் காலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சான நூல்களில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருப்பதால் அங்கேயும் பிழை விழும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ‘மௌனம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதில் சிலர் எகரக் கொம்பையும் ளகரத்தையும் தட்டிவிடுவார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. நல்ல திரை இருந்தும் வாசிப்பு கெடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கோப்பால்தான். மெய்ப்புப் பார்த்த கோப்பும் பார்க்காத கோப்பும் ஒரே கருவியில் இரண்டு வேறு கருவிகள்போல நடந்துகொள்கின்றன.

சுஜாதாவின் நூலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. விலைக்கு விற்கும் கோப்பு சுத்தமாக இருக்கிறது. 2008-இல் மறைந்த அவருடைய எழுத்துகளுக்கு, ஆசிரியர் மறைவுக்குப்பின் அறுபதாண்டு என்ற இந்தியச் சட்டப்படி 2068 வரை காப்புரிமை உண்டு. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்தவர் அவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்கேற்றார். குண்டு ரமணி, ஏறக்குறைய ஜீனியஸ் போன்ற கதைகளில் மனநிலை பிறழ்ந்தவர்களையும் ஊர் ஒதுக்கியவர்களையும் ஒரு சிறுவனின் கண் பார்க்கிறது. சிரித்துக்கொண்டே போகும் வாசகர் கடைசிப் பத்தியில் நின்றுவிடுவார். வாக்கியங்கள் குட்டையானவை, உரையாடல் மிகுதி. ஆகவே வரி உடையும் பிரச்சினையே எழவில்லை. மருத்துவமனை வராந்தாவில் பெயர் கூப்பிடும்வரை ஒரு கதை என்ற அளவில் அமைந்தவை இக்கதைகள்.

வாங்கிய நூலை இரவல் கொடுக்க முடியாதது கருவியின் பெரிய குறை. அக்கம்பக்கத்தில் ஒரே புத்தகம் பத்துக் கை மாறும் வழக்கம் இங்கே நின்றுபோகிறது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. எனவே விலைக்கு வாங்கும் நூல், அலமாரியில் இருக்கும் நூலின் பொருளில் வாசகருடையது அல்ல. நாட்டுடைமை நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. அவற்றின் இபப் கோப்புகளை 2022 முதல் ‘சென்ட் டு கிண்டில்’ வழியே நேரடியாக அனுப்பலாம், யாருக்கும் கொடுக்கலாம்.

தமிழுக்கான அகராதி கருவியோடு வருவதில்லை. ஆங்கிலச் சொல்லை அழுத்தினால் பொருள் வரும், தமிழ்ச் சொல்லை அழுத்தினால் வராது. ஐயரின் நடையில் வரும் மடத்துச் சொற்களுக்கும் சைவ நூற்பெயர்களுக்கும் கைபேசியையோ அச்சு அகராதியையோ நாட வேண்டியதுதான்.

மின்கலத்தில் குறை சொல்ல இடமில்லை. ஒருமுறை ஏற்றினால், நாளுக்கு அரைமணி நேரம், வைஃபை அணைத்து, மிதமான வெளிச்சத்தில் படித்தால் பத்து வாரம்வரை வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கூடுதலாகப் படிப்பவருக்கும் வாரக்கணக்கில் நிற்கும். மின்வெட்டு இரவுகளில் இதன் அருமை தெரியும். இரண்டு மீட்டர் ஆழ நன்னீரில் ஒரு மணிநேரம் தாங்கும் காப்பும் உண்டு. ஐப்பசி மழையில் பை நனைந்தாலும் அஞ்ச வேண்டாம்.

படிக்கும்போது அடிக்கோடிட்ட வரிகள் எல்லாம் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற ஒரே உரைக்கோப்பில், நூற்பெயரும் தேதியும் சேர்ந்து விழுகின்றன. கேபிளில் இணைத்துக் கணினிக்கு நகலெடுத்தால் தமிழ் எழுத்துகள் யூனிகோடில் சிதையாமல் வருகின்றன. ஸ்கேன் பக்கங்களில் அடிக்கோடு வேலை செய்யாது. அங்கே தாளும் பென்சிலும் பக்கத்தில் இருப்பது நல்லது.