ஊமை கண்ட கனவு

வாய்விட்டுச் சொல்ல முடியாத அனுபவத்தை 'ஊமை கண்ட கனவு' என்போம். கண்டவருக்கு அது தெரியும், பிறருக்குத் தெரிய வழியில்லை. உறக்கத்தை ஆராயப் புகுந்த உளவியலுக்கு இந்த வழக்கு வெறும் உவமையாக நிற்கவில்லை. முதல் சிக்கலாகவே எதிரில் வந்து நின்றது. தூங்கும்போது நாம் எல்லோரும் ஊமைகள்தாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குத் தூங்குபவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியோ விழித்தால்தான் பேசும், விழித்தவுடன் மறக்கவும் தொடங்கிவிடும். இதற்கு உளவியல் கண்ட வழி மிக எளியது. தலையில் மின்வாய்களை ஒட்டித் தூங்கவைப்பது, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்துகொண்டே நடுவில் எழுப்புவது, எழுந்தவரிடம் கேட்பது. எழுபது ஆண்டுகளாகக் கனவையும் உறக்கத்தில் உணர்வுநிலையையும் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்த 'எழுப்பிக் கேட்கும்' முறையால் வந்தது. ஆனால் அறிமுகப் பாடநூல்கள் இதை விளக்கும்போது கருவிக்குத் தரும் இடத்தைக் கேள்விக்குத் தருவதில்லை. கருவி வரைந்த கோடுகளே சான்று என்றும், தூங்கியவர் சொன்னது அதற்கு ஒட்டுக்குறிப்பு என்றும் ஒரு தோற்றம் எழுகிறது. உண்மையில் அந்தக் கோடுகளுக்குப் பொருள் கொடுப்பதே எழுப்பப்பட்டவரின் சொல்தான். இம்முறையின் பலம், பலவீனம் இரண்டும் அந்தச் சொல்லில்தான் இருக்கின்றன.

காலையில் எழுந்து சொல்லும் கனவை அப்படியே நம்ப முடியாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. அமெரிக்க உளவியலாளர் மேரி கால்கின்ஸ் 1893இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அவரும் இன்னொரு ஆய்வாளரும் அலாரம் வைத்து இரவின் வெவ்வேறு நேரங்களில் விழித்து, நினைவில் இருந்ததை உடனுக்குடன் எழுதி, 375 கனவுகளைச் சேர்த்தனர். மறதியை முந்திக்கொள்ளும் முயற்சி அது. ஆனால் மணி அடித்த நொடியில் உறக்கம் எந்த நிலையில் இருந்தது என்று அறிய அவர்களிடம் கருவி இல்லை. அந்தக் கருவி, 1929இல் ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைப் பதிவை வெளியிட்டபோது பிறந்தது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளெய்ட்மனும் இரண்டையும் ஒன்றாக்கினர். மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அலையும் நேரங்கள் இரவில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, அந்த நேரங்களில் 27 முறை எழுப்பிக் கேட்டார்கள். 20 முறை விவரமான கனவு வந்தது. விழிகள் அசையாத நேரங்களில் 23 முறை எழுப்பினார்கள்; 19 முறை எதுவுமே நினைவில்லை என்ற பதில்தான். 1957இல் கிளெய்ட்மனுடன் வில்லியம் டிமெண்ட் நடத்திய பெரிய ஆய்விலும் வேறுபாடு அதே அளவுக்குக் கூர்மையாக இருந்தது: விழியசைவு உறக்கத்தில், அதாவது ரெம் உறக்கத்தில், எழுப்பியபோது 80 விழுக்காடு கனவு நினைவு, மற்ற உறக்கத்தில் 7 விழுக்காடு.

இம்முறை சாதித்ததைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் மோரியின் புகழ்பெற்ற கனவு ஒன்று உண்டு. கட்டிலின் மேற்சட்டம் கழுத்தில் விழுந்த கணத்தில், பிரெஞ்சுப் புரட்சியில் தாம் விசாரிக்கப்பட்டு கில்லட்டினில் தலை வெட்டப்படுவது வரை நீண்ட கனவு கண்டதாக அவர் எழுதினார். சட்டம் விழுந்ததுதான் கனவைத் தூண்டியது என்றால், முழுக் கதையும் விழிக்கும் நொடியில் புனையப்பட்டிருக்க வேண்டும் என்ற ஐயம் அதிலிருந்து கிளம்பியது. நார்மன் மால்கம் 1959இலும் டேனியல் டெனட் 1976இலும் இதே ஐயத்தைத் தத்துவ மொழியில் வளர்த்தனர்: கனவு என்பது உறக்கத்தில் நிகழும் அனுபவம் என்று எதைக் கொண்டு சொல்கிறோம், விழித்தவர் சொல்லும் கதையைத் தவிர? டிமெண்டும் கிளெய்ட்மனும் 1957 ஆய்வில் இந்த ஐயத்தை ஒரு சோதனையாகவே மாற்றியிருந்தார்கள். ரெம் உறக்கம் தொடங்கி 5 நிமிடத்திலோ 15 நிமிடத்திலோ எழுப்பி, கனவு எவ்வளவு நேரம் ஓடியது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 111 முறையில் 92 முறை விடை சரியாக இருந்தது. கனவு கண்ணிமைக்கும் நேரத்துப் புனைவு என்றால் இந்தப் பொருத்தத்தை விளக்குவது கடினம். தர்க்கத்தின் கடைசி ஓட்டையை இச்சோதனை அடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் யாராலும் சரிபார்க்க முடியாது என்று கருதப்பட்ட ஒரு கூற்றைச் சரிபார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு ஆய்வுமுறையிடம் நாம் கேட்க வேண்டியது முதலில் அதைத்தான்.

ஆனால் அதே 1957 ஆய்வில்தான் இம்முறையின் பெரிய குறையும் ஒளிந்திருந்தது. எழுப்பியதும் அவர்கள் கேட்டது, கனவு கண்டீர்களா என்று. கனவு என்றதும் காட்சி, பாத்திரம், நிகழ்ச்சி என்று ஒரு கதையைத்தான் எவரும் நினைப்பார். கதையாகத் திரளாத நினைவுத் துண்டோ, ஓடிக்கொண்டிருந்த ஒரு யோசனையோ இருந்தால், இல்லை என்பதே பதிலாகிவிடும். டேவிட் ஃபோல்க்ஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வில் கேள்வியை மாற்றினார்: எழுவதற்குச் சற்று முன் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? ரெம் அல்லாத உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களும் பாதிக்கு மேற்பட்ட முறை ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். மின்வாய்கள் மாறவில்லை, உறக்கமும் மாறவில்லை. ஒரு வாக்கியம் மாறியதும் 7 விழுக்காடு பல மடங்கானது. பின்னர் மார்க் சோல்ம்ஸ் மூளைப் பாதிப்புற்ற நோயாளிகளை ஆராய்ந்து, ரெம் உறக்கத்தை உண்டாக்கும் மூளைத்தண்டு கெடாமல் இருந்தும் முன்மூளையின் சில பகுதிகள் கெட்டதால் கனவே வராமல் போனவர்கள் இருப்பதைக் காட்டினார். ரெம் என்றால் கனவு, கனவு என்றால் ரெம் என்ற சமன்பாடு அத்துடன் உடைந்திருக்க வேண்டும். உடைந்தும் அது பாடநூல்களிலும் பொதுப்பேச்சிலும் இன்னும் நடமாடுகிறது. கருவியின் கோட்டை உண்மையாகவும் கேள்வியை வெறும் சடங்காகவும் எண்ணியதன் விலை இது.

கேள்வி பதிலை வளைப்பது போலவே காலமும் வளைக்கிறது. 1942இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கனவில் வண்ணம் காண்பதுண்டா என்று கேட்டபோது, சுமார் 71 விழுக்காட்டினர் அரிதாகவே காண்பதாகவோ காண்பதே இல்லை என்றோ சொன்னார்கள். தத்துவ அறிஞர் எரிக் ஷ்விட்ஸ்கெபெல் அதே கேள்வியைச் சுமார் அறுபது ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் சுமார் 18 விழுக்காடுதான். இடையில் மனித மூளை மாறிவிடவில்லை. திரைப்படமும் தொலைக்காட்சியும் வண்ணத்துக்கு மாறியிருந்தன. கறுப்பு வெள்ளைப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் உண்மையிலேயே அப்படிக் கனவு கண்டார்களா, அல்லது கனவைப் படமாக நினைத்து அப்படிச் சொன்னார்களா என்று இன்று பிரித்தறிய வழியில்லை. இவை பகலில் நிரப்பிய வினாத்தாள்கள், இரவில் எழுப்பிக் கேட்டவை அல்ல என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான வாதம், உடனே கேட்பதால் மறதி குறைகிறது. ஆனால் தன் அனுபவத்தை விவரிக்கக் கையில் இருக்கும் சொற்களும் உவமைகளும் நள்ளிரவிலும் அவைதாம். எழுப்பிக் கேட்பதால் நினைவின் வயது குறையுமே தவிர, மொழியின் சாயல் நீங்காது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். மனிதர் சொல் இவ்வளவு வளையுமென்றால் அதை விட்டுவிட்டு மூளையலையை மட்டும் நம்பினால் என்ன? அகநோக்கை ஒதுக்கி, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்று 1913இல் ஜான் வாட்சன் விடுத்த அழைப்பின் புதிய வடிவம் இது. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, கருவியும் அவ்வளவு நிரபராதி இல்லை. உறக்கப் பதிவை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எந்த நிலை என்று முடிவு செய்வது பயிற்சி பெற்ற மனிதர்களின் கண்தான். 2013இல் வெளியான, 2,500 பேர் அளவில் மதிப்பீட்டாளர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அவர்களிடையே ஒத்த கருத்து சுமார் 83 விழுக்காடு. தூக்கத்துக்குள் நுழையும் முதல் நிலையில் அது சுமார் 63 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆய்வகமே உறக்கத்தை மாற்றிவிடும் என்பதும் உண்டு. பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு உறக்கம் கலைவது நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். அந்த இரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியை விட மேலோட்டமாகவே உறங்கி, காவல் இருப்பது போலச் செயல்படுவதை 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டாவது பதில் இன்னும் அடிப்படையானது. ஓர் அலை 'கனவின் அலை' என்று முதலில் யார் சொன்னது? எழுந்தவர்தான். 1959 வாக்கில் லியோன் நகரில் மிஷேல் ழூவே பூனைகளிடம் ரெம் உறக்கத்தை நுட்பமாக ஆராய்ந்தார். தசைகள் முற்றிலும் தளர்ந்திருக்க மூளை மட்டும் விழித்தது போல இயங்குவதைக் கண்டார். ஆனால் பூனை கனவு கண்டதா என்ற கேள்விக்கு அந்தப் பதிவுகளால் மட்டும் விடை சொல்ல முடியாது. மனிதரின் சொல்லைக் கழித்துவிட்டால் ஆய்வகத்தில் படுத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பூனைதான்.

எதிர்த்திசையிலிருந்தும் ஓர் ஆட்சேபம் வரும்: சொல்லைத்தான் நம்ப வேண்டுமென்றால், சொல்லத் தெரியாதவர்கள் எல்லாம் கனவே காணாதவர்கள் ஆகிவிடுவார்களே? குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தவரும் ஃபோல்க்ஸ்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் ரெம் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டபோது கனவு சொன்னது மிகக் குறைவு. சொன்னவையும் அசைவற்ற ஒற்றைக் காட்சிகள். மொழி போதாமையே காரணம் என்று எவரும் நினைப்பார். அப்படியானால் பேச்சுத்திறன் மிகுந்த குழந்தைகள் கூடுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கனவு சொல்வதோடு பொருந்தி வந்தது பேச்சுத்திறன் இல்லை. கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தைத் திரும்ப அமைக்கும் திறன், அதாவது மனக்கண்ணில் உருவங்களைக் கையாளும் திறன். எனவே கனவு காணும் ஆற்றலே வளர்ந்து வருவது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் வாதம் நடந்த விதத்தைப் பாருங்கள். பதில் வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்றால், அவ்விரண்டும் எங்கே வேறுபட்ட விளைவைத் தருமோ அங்கே போய் அளக்கலாம். சொல்லின் குறையைச் சொல்லை வீசியெறிந்து தீர்க்க வேண்டியதில்லை.

மௌனத்தை எப்படிப் படிப்பது என்பது நம் தத்துவ மரபுகளுக்கும் பழகிய வழக்கு. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று உயிரின் அவத்தைகளை ஐந்தாக எண்ணும் சைவ சித்தாந்தம், கனவற்ற உறக்கத்தையும் உயிரின் ஒரு நிலையாகவே வைத்துப் பேசுகிறது. ஆழ்ந்து தூங்கி எழுந்தவர், சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை என்கிறார். அது நினைவு, ஆகவே அங்கே ஏதோ ஓர் உணர்வு இருந்திருக்க வேண்டும் என்றது அத்வைதம். அது நினைவு அல்ல, விழித்தபின் செய்துகொள்ளும் அனுமானம்தான் என்றது நியாய மரபு. இந்த வாதம் முன்னேறாமல் நின்றதற்குக் காரணம், 'ஒன்றுமில்லை' என்ற ஒரே சொல் இரண்டு நிலைகளை மூடி வைத்திருந்ததுதான். விஸ்கான்சின் ஆய்வகத்தின் ஃபிரான்செஸ்கா சிக்லாரி, ஜூலியோ டொனோனி முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சொல்லைப் பிரித்தது. எழுப்பியபோது மூன்று வகைப் பதில்களுக்கு இடம் கொடுத்தார்கள்: 'கனவு கண்டேன், இன்னதென்று சொல்வேன்'; 'ஏதோ கண்டேன், என்னவென்று நினைவில்லை'; 'எதுவுமே இல்லை'. 256 மின்வாய்கள் கொண்ட பதிவில், முதல் இரு வகைகளிலும் மூளையின் பின்பகுதியில் மெதுவான அலைகள் குறைந்திருந்தன, மூன்றாவதில் மிகுந்திருந்தன. ரெம் உறக்கமா இல்லையா என்பது இதில் தீர்மானிக்கும் காரணியாக இல்லை. அந்தப் பகுதியைக் கவனித்தே, எழுப்பப்படுபவர் கனவு சொல்வாரா மாட்டாரா என்று முன்கூட்டிக் கணிக்கவும் முடிந்தது. இத்தனை மின்வாய்கள் இருந்தும் பதில்களை இரண்டாகவே பிரித்திருந்தால், மறந்துபோன கனவு 'ஒன்றுமில்லை' என்ற கூட்டத்தில் கலந்து, இந்த வேறுபாடே மங்கியிருக்கும். ஆழ்ந்த உறக்கத்தில் உணர்வு உண்டா என்ற பழைய வழக்கு இதனால் முடிந்துவிடவில்லை. ஆனால் வழக்கைக் கேட்கும் முறை தெளிவாகியிருக்கிறது.

எழுப்பாமலே கேட்க முடிந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். கனவு காண்கிறோம் என்று கனவுக்குள்ளேயே அறிபவர்கள் உண்டு. அவர்கள் முன்பே பேசிவைத்தபடி விழிகளை அசைத்து உறக்கத்திலிருந்தே சைகை தர முடியும் என்பதை 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்னும், பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லாபெர்ஜும் காட்டினார்கள். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் 36 பேரிடம் உறக்கத்திலேயே எளிய கணக்குகளைக் கேட்டு, விழியசைவாகவும் முகத் தசை அசைவாகவும் விடை பெற்றன. மால்கமின் ஐயத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. ஆனாலும் அளவு தெரிந்து பேச வேண்டும். கேள்வி கேட்ட 158 முறைகளில் சரியான விடை வந்தது சுமார் 18 விழுக்காடு. பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. அதோடு, தான் கனவு காண்பதை அறிந்தவரின் கனவு அதை அறியாதவரின் கனவுக்கு எவ்வளவு பிரதிநிதி ஆகும் என்ற கேள்வியும் நிற்கிறது. சாதாரண உறங்குபவருக்கு இன்றும் எழுப்பிக் கேட்பதுதான் வழி.

ஆகவே இம்முறையின் குறைகளை எண்ணி அதைத் தள்ளுவதும், கருவியின் பளபளப்பைப் பார்த்து அதைக் கொண்டாடுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். இரண்டிலும் கேள்வி கவனிக்கப்படாமல் போகிறது. மின்வாயைத் தலையில் எந்தப் புள்ளியில் ஒட்ட வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட அளவுகள் உண்டு. எழுப்பியவர் என்ன சொல்லிக் கேட்டார், பதில்களுக்கு எத்தனை வகை வைத்தார், மறந்தேன் என்பதை எப்படி எண்ணினார் என்பவற்றுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். பாடநூலில் விழுக்காட்டைத் தரும் இடத்திலேயே கேட்ட வாக்கியத்தையும் தர வேண்டும். 80, 7 என்ற எண்களை மனப்பாடம் செய்யும் மாணவர், அந்த 7 எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்பதையும் அறிந்தால், ஆய்வுமுறை என்ற பாடத்தையும் உறக்கம் என்ற பாடத்தையும் ஒருசேரக் கற்றவர் ஆவார். ஊமை கண்ட கனவைப் பற்றி நாம் சொல்வதில், ஊமை என்பது பெரும்பாலும் கனவு கண்டவரின் குறையாகவே வருகிறது. இந்த எழுபது ஆண்டு வரலாறு காட்டுவது வேறு: பல இரவுகளில் அவர் பேசத் தயாராகத்தான் இருந்தார், கேட்டவர் கேட்ட விதம்தான் அவரை ஊமையாக்கியது.