யானைக்காக விழித்திருக்கும் இயந்திரம்

சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரின் ஜீனோவுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ரசிகர்கள் உண்டு. அந்த இயந்திர நாய் புத்தகம் படிக்கும், வாதாடும், வேடிக்கையாகப் பேசும். தமிழ் வாசகர் ஓர் இயந்திரத்தின்மேல் பாசம் வைக்கலாம் என்று காட்டியது ஜீனோதான். அது பெரிய சாதனை. ஆனால், ஜீனோவிடம் நாய்த்தனம் மிகக் குறைவு. கூர்மையான மனித மூளை ஒன்று நாயின் உருவத்தில் உலவுகிறது, அவ்வளவே. சோனி நிறுவனம் 1999இல் விற்கத் தொடங்கிய ஐபோ இயந்திர நாயும் இதே வகைதான். விலங்கின் வடிவம் நமக்குப் பிடிக்கிறது. அந்த விலங்குக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

அந்தக் கேள்வியை அறிவியல் எடுத்துக்கொண்டது. ஆப்பிரிக்க யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற தனி ஒலியால் அழைக்கின்றன என்று 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. 469 அழைப்புகளைக் கணினிக்குக் கொடுத்தார்கள். எந்த யானைக்கான அழைப்பு என்பதை அது சரியாகச் சொன்னது 27.5 விழுக்காடுதான். குருட்டு ஊகத்தைவிட இது மிக அதிகம் என்பதால் கண்டுபிடிப்பு உண்மையானது. ஆயினும் அழைப்பின் எந்தப் பகுதி பெயர் என்று பிரித்துக்காட்ட முடியவில்லை. யானை மொழி புரிந்துவிட்டதாகக் கொண்டாடுவது அவசரம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, பேசவே முயலாமல் காவல் மட்டும் காக்கும் இயந்திரம். கோயம்புத்தூர் அருகே நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில், 7.24 கோடி ரூபாய் செலவில், நவக்கரை அடங்கிய மதுக்கரை வனப்பகுதியில், தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் எழுந்தன. அவற்றிலுள்ள வெப்பக் கேமராக்கள் இருட்டிலும் யானையைக் கண்டுகொள்ளும். செயற்கை நுண்ணறிவு அதை உறுதிசெய்து எச்சரிக்கை அனுப்பும். ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். அதன்பின் ஆயிரக்கணக்கான முறை யானைகள் பத்திரமாகக் கடந்துள்ளதாகத் தமிழ்நாடு வனத்துறை சொல்கிறது.

இந்த வெற்றியைப் பார்த்து, நம் மலேசியாவிலும் கேமரா நட்டால் போதும் என்று நினைப்பது தவறு. 2025 மே 11, அன்னையர் தினத்தன்று, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் லோரி மோதி ஒரு குட்டி யானை இறந்தது. தாய் யானை லோரியை விட்டு நகராமல் தலையால் முட்டிக்கொண்டு நின்ற காணொளியை நாடே பார்த்தது. அதைப் பார்த்து நெஞ்சம் பதறாதவர் யார்?

மதுக்கரைக்கும் கெரிக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு கேமராவில் இல்லை. தண்டவாளத்தில் எச்சரிக்கை போய்ச்சேர வேண்டியது சில ஓட்டுநர்களுக்கு. அவர்களைக் கட்டுப்படுத்த ரயில்வே இருக்கிறது. சாலையில் ஒவ்வொரு காருக்கும் லோரிக்கும் தனித்தனி அவசரம். எச்சரிக்கை விளக்கு மின்னினாலும் முடுக்கியிலிருந்து காலை எடுக்காத ஓட்டுநரை எந்தக் கணினி தடுக்கும்? மதுக்கரைத் தடத்தில்கூட யானைகள் நுழைந்து போக அடிப்பாதைகளையும் கட்டினார்கள். கேமராவை மட்டும் நம்பவில்லை.

பெருநாள் விடுமுறைக்குத் தீபகற்பத்தின் வடமேற்கிலிருந்து கிளந்தானுக்கு ஓட்டிப்போகும் பலருக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைதான் வழி. யானை நடமாடும் பகுதிகளில் இரவு வேகவரம்பைக் கடுமையாக்கி, மீறுவோருக்கு அபராதம் விதித்த பிறகுதான் அங்கே கேமராவுக்குச் செலவிடும் பணம் பயன் தரும்.