கான்ட்ராவின் பாடவேறுபாடுகள்: தமிழ்நாட்டுக் கேசட்டை முன்வைத்து ஒரு பதிப்பியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பழைய தொலைக்காட்சி விளையாட்டுகள் நாட்டுக்கு நாடு வேறுபட்ட வடிவங்களில் வெளியாயின. அவற்றைத் திறனாய்வு செய்வோர் தாம் ஆராயும் வடிவம் எது என்பதைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. கொனாமி நிறுவனத்தின் ‘கான்ட்ரா’ என்னும் விளையாட்டின் ஜப்பானிய, அமெரிக்க, ஐரோப்பிய வடிவங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தமிழ்நாட்டுச் சிறுவர்கள் ஆடிய தொகைக் கேசட்டின் வடிவம் இம்மூன்றில் எதனோடும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதையும், அதனைச் சிதைந்த படியாகக் கருதாமல் தனிப் பாடமாகக் கொள்ளவேண்டும் என்பதையும் தமிழ்ப் பதிப்பியல், யாப்பியல் கருத்துகளின் துணையோடு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாடவேறுபாடு, பதிப்பியல், தொகைநிலை, தொடர்நிலை, கேசட், கான்ட்ரா

முன்னுரை

இக்கட்டுரை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலில், கான்ட்ரா வெறும் சுடும் விளையாட்டு அன்று, கதையை முறையாக எடுத்துரைக்கும் பனுவல் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். ஒவ்வொரு நிலைக்கும் முன் தோன்றும் நிலப்படமும் இடையிடையே வரும் கதைக்காட்சிகளும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டிருந்தன. கணினியில் பழைய எந்திரத்தைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் அந்த விளையாட்டை ஆடிப்பார்த்தே அம்முடிவு எட்டப்பட்டது.

இயலைக் கேட்ட அண்ணன், “மேப்பா? அதெல்லாம் நம்ம கேசட்ல வராதேடா” என்றார். ஊரப்பாக்கத்து வீட்டின் பரணில் கிடந்த கேசட்டை இறக்கி ஓட்டிப்பார்த்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்தது. நிலப்படமும் இல்லை, கதைக்காட்சியும் இல்லை. எமுலேட்டரில் ஆடப்பட்டது ஜப்பானிய வடிவம். தமிழ்நாட்டுச் சிறுவர்களின் அனுபவத்தை விளக்கப் புகுந்த இயல், அவர்கள் கண்ணாலும் காணாத காட்சிகளின்மேல் கட்டப்பட்டிருந்தது.

ஓர் ஏட்டை மட்டும் பார்த்துவிட்டுப் புறநானூற்றுப் பாடலொன்றுக்குப் பொருள் கூறுபவரைத் தமிழாய்வுலகம் ஏற்பதில்லை. பிரதிபேதங்களை ‘பி-ம்.’ என்னும் குறியீட்டோடு அடிக்குறிப்பில் தந்த உ.வே.சாமிநாதையரின் பதிப்புகள் அந்த ஒழுங்கை நமக்குப் பழக்கின. அவ்வொழுங்கு விளையாட்டுப் பனுவலுக்கும் தேவை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஆங்கிலத்தில் ‘கார்ட்ரிட்ஜ்’ எனப்படும் பொருளைத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் ‘கேசட்’ என்றே அழைத்தனர். இக்கட்டுரையும் அச்சொல்லையே கையாளுகிறது.

மூன்று நாட்டுப் பாடங்கள்

கான்ட்ரா முதலில் 1987இல் காசு போட்டு ஆடும் கடை எந்திரத்திற்காக உருவாக்கப்பட்டது. வீட்டு எந்திரத்திற்குரிய வடிவம் 1988இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெளியானது. ஜப்பானில் நின்டெண்டோவின் வீட்டு எந்திரம் ‘ஃபாமிகாம்’ எனவும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘நெஸ்’ எனவும் பெயர்பெற்றது. இரண்டின் அடிப்படை அமைப்பும் ஒன்றே. ஆயினும் ஃபாமிகாம் கேசட்டுக்கு 60 முனைகள். நெஸ் கேசட்டுக்கு 72 முனைகள். ஒன்றை மற்றொன்றில் நேரடியாகப் பொருத்த இயலாது.

ஜப்பானியப் பாடத்தில் தொடக்கக் கதைக்காட்சி உண்டு. நிலைகளுக்கிடையே நிலப்படம் தோன்றும். முதல் நிலையின் காட்டில் மரங்கள் அசையும். ஐந்தாம் நிலையில் பனி பெய்யும். அமெரிக்கப் பாடத்தில் இவை எவையும் இல்லை. இதற்குக் காரணம் கலைநோக்கன்று. ஜப்பானில் கொனாமி தானே வடிவமைத்த துணைச் சில்லைக் கேசட்டில் பொருத்திக்கொள்ள முடிந்தது. அமெரிக்காவில் கேசட்டுகளை நின்டெண்டோவே தயாரித்து வழங்கியது. பிற நிறுவனங்கள் தம் சொந்தச் சில்லுகளைப் பயன்படுத்த இயலவில்லை. எளிய சுற்றமைப்பிற்கு மாற்றப்பட்டபோது காட்சிகள் உதிர்ந்தன.

கதைக்களமும் மாறியது. மூலக்கதை 2633ஆம் ஆண்டில், நியூசிலாந்துக்கு அருகில் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட கலுகா தீவுக்கூட்டத்தில் நிகழ்கிறது. அமெரிக்கக் கையேடு அந்த எதிர்காலத்தை நீக்கிக் கதையைத் தென் அமெரிக்கக் காட்டுக்குக் கொண்டுசென்றது. திரையில் தெரியும் காடு ஒன்றே. அது எந்தக் காலத்துக் காடு என்பது நாட்டைப் பொறுத்து மாறியது.

ஐரோப்பியப் பாடம் மேலும் விலகியது. அங்கு அதன் பெயரே ‘புரோபோடெக்டர்’. பில், லான்ஸ் என்னும் இரு வீரர்களும் ஆர்டி008, ஆர்சி011 என்னும் எந்திர உருவங்களாக மாற்றப்பட்டனர். எதிரிகளில் மனித உருவம் கொண்டோரும் எந்திரங்களாயினர். சிறுவர்க்குத் தீங்கு பயக்கும் படைப்புகளைக் கட்டுப்படுத்திய ஜெர்மானிய விதிமுறைகளே இதற்குக் காரணமாகப் பொதுவாகச் சுட்டப்படுகின்றன. மனிதன் மனிதனைச் சுடும் பனுவல், எந்திரம் எந்திரத்தைச் சுடும் பனுவலாயிற்று. வன்முறை பற்றி இவ்விளையாட்டை முன்வைத்து எழுதுபவர் எந்தப் பாடத்தைப் பார்த்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அவருடைய வாதத்துக்கு அடிப்படையே இராது.

தமிழ்நாட்டுக் கேசட்

‘சாமுராய்’ என்ற பெயரில் நெஸ் எந்திரம் இந்தியாவில் விற்கப்பட்டதுண்டு. எனினும் வீடுகளில் பரவியவை ‘லிட்டில் மாஸ்டர்’ போன்ற பெயர்களைத் தாங்கிய நகல் எந்திரங்களே. ஃபாமிகாமைப் பின்பற்றிய நகல் எந்திரங்கள் 60 முனைக் கேசட்டையே ஏற்றன. அமெரிக்க நெஸ் எந்திரத்தில் உரிமம் பெறாத கேசட்டைத் தடுக்கும் பூட்டுச்சில்லு இருந்தது. ஃபாமிகாமில் அது இல்லை. நகலெடுப்போர் ஜப்பானிய வடிவத்தைத் தேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இங்கு ஆராயப்பட்ட கேசட், மின்தொடர்வண்டியில் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பர்மா பஜாரில் வாங்கப்பட்டது. ஒரே கேசட்டில் பல்லாயிரம் விளையாட்டுகள் இருப்பதாக அதன் மேலொட்டு கூறுகிறது. எண்ணிப்பார்த்தால் உண்மையான விளையாட்டுகள் பத்தைத் தாண்டவில்லை. மீதமுள்ளவை ஒரே விளையாட்டின் திரிந்த வடிவங்கள். கான்ட்ரா பட்டியலில் பலமுறை இடம்பெறுகிறது. ஒன்றில் வழக்கமான தொடக்கம். ஒன்றில் 30 உயிர்கள். வேறு சிலவற்றில் இடையிலுள்ள ஒரு நிலையிலிருந்தே தொடக்கம்.

நிலப்படம் இன்மை, ஐந்தாம் நிலையில் பனி பெய்யாமை, வீரர்கள் மனித உருவில் இருத்தல் ஆகிய மூன்றையும் கொண்டு, இதன் அடிப்படை அமெரிக்கப் பாடம் என்று துணியலாம். தனிச்சில்லு தேவைப்படாத அமெரிக்கப் பாடம் நகலெடுப்போர்க்கு எளிதாக இருந்திருக்கும். அமெரிக்கப் பனுவல் ஜப்பானிய அளவுக் கேசட்டுக்குள் புகுந்து இங்கு வந்து சேர்ந்துள்ளது.

இதனோடு ஐரோப்பியக் கூறு ஒன்றும் கலக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இந்தியாவில் 1982இல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது பின்பற்றியது ஐரோப்பாவின் ‘பால்’ முறை. அதில் 50 முறைதான். இத்தகைய விளையாட்டுகளில் அசைவும் இசையும் திரைப் புதுப்பிப்பை ஒட்டியே முன்னேறும். எனவே பால் முறைக்கேற்ற நகல் எந்திரத்தில் விளையாட்டு ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். 60 நொடியில் முடியவேண்டிய இசைப்பகுதி 72 நொடி நீளும். ஐரோப்பிய நெஸ் எந்திரத்தில் செயலியின் வேகமும் குறைக்கப்பட்டதால், மாற்றம் செய்யாத ஜப்பானிய, அமெரிக்க விளையாட்டுகளின் சுருதியும் அதில் தாழும். ஃபாமிகாம் கேசட்டுகளை இயக்குவதற்கென்றே அமைந்த பால் முறை நகல் எந்திரங்களில் செயலியின் வேகம் ஏறத்தாழ ஃபாமிகாமுக்கு ஒத்தது. ஆகவே சுருதி மாறாமல் காலப்பிரமாணம் மட்டும் தளர்கிறது. எதிரியின் குண்டு மெதுவாக வருகிறது. ஒதுங்கக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. கான்ட்ரா கடினமான விளையாட்டு என்னும் அமெரிக்கத் திறனாய்வுக் கூற்றை இவ்வெந்திரங்களில் ஆடியோர்க்கு அப்படியே பொருத்த இயலாமைக்கு இது ஒரு காரணம்.

தொடர்நிலை தொகைநிலையாதல்

வேகத்தினும் ஆழமான மாற்றம் அமைப்பில் நிகழ்ந்துள்ளது. கான்ட்ரா எட்டு நிலைகளைக் கொண்டது. காட்டில் தொடங்கி வேற்றுலக உயிரியின் உறைவிடத்தில் முடிகிறது. மூன்று உயிர்களுடன் தொடங்கும் ஆட்டக்காரர் ஒன்றைக் கடந்தே அடுத்ததை அடையவேண்டும். 30 உயிர்கள் பெறுவதற்குரிய பொத்தான் வரிசை அமெரிக்கச் சிறுவர்களிடையே வாய்மொழியாகப் பரவிய இரகசியம். அதை அறிந்தவன் நண்பர்களிடையே மதிப்புப் பெற்றான்.

தொகைக் கேசட்டில் அந்த இரகசியம் பட்டியலின் ஒரு வரியாகிவிட்டது. சொல்லித்தர எவரும் வேண்டியதில்லை. கடைசி நிலையைக் காண முதல் நிலையைக் கடக்கவேண்டியதும் இல்லை. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. அப்பகுப்பை இங்குக் கருவியாகக் கொண்டால், ஜப்பானியப் பாடம் நிலப்படத்தால் கோக்கப்பட்ட தொடர்நிலை எனலாம். அமெரிக்கப் பாடம் கோத்த நூல் தளர்ந்த தொடர்நிலை. தமிழ்நாட்டுக் கேசட்டிலோ ஒவ்வொரு நிலையும் தனித்துப் பொருள் தரும் முத்தகமாகிறது. கேசட் அவற்றைச் சேர்த்த தொகைநிலையாகிறது. ‘பனி நிலை’ என்றோ ‘அருவி நிலை’ என்றோ ஒரு பகுதியை மட்டும் நினைவுகூர்ந்து, முழுக்கதையைச் சொல்லத் தெரியாதிருப்பது ஆட்டக்காரரின் மறதியன்று. அவருக்குக் கிடைத்த பாடத்தின் அமைப்பே அது.

பாயிரமும் அழிந்துள்ளது. அமெரிக்கப் பாடத்தின் தலைப்புத்திரையில் ஆண்டும் நிறுவனப் பெயரும் உரிமக் குறிப்பும் உண்டு. ஆராயப்பட்ட கேசட்டில் தலைப்பு மட்டுமே எஞ்சியுள்ளது. நூல்செய்தோன் பெயரையும் நூல்வழியையும் கூறும் சிறப்புப் பாயிரத்தைச் சுவடியிலிருந்து கிழித்தெடுத்ததற்கு ஒப்பானது இது. கொனாமி என்னும் பெயரை அறியாமலேயே இவ்விளையாட்டைப் பல ஆண்டுகள் ஆடியவர் இருந்தால் வியப்பில்லை.

பதிப்பியல் ஒப்புமையின் எல்லை

இவ்வொப்புமை எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் கூறவேண்டும். ஏட்டுச்சுவடியில் வேறுபாடு பெரும்பாலும் படியெடுப்பில், கண்ணும் கையும் தவறுவதால் நேர்கிறது. கேசட்டின் தரவு பிழையின்றிப் படியெடுக்கக்கூடியது. இங்குள்ள வேறுபாடுகள் வேண்டுமென்றே செய்யப்பட்டவை: ஒன்று வணிக ஒப்பந்தத்தால், ஒன்று சட்டத்தின் அச்சத்தால், ஒன்று பட்டியலை நீட்டும் விற்பனை உத்தியால். ஆகவே பாடங்களை ஒப்பிட்டு வழுவற்ற மூலபாடத்தை மீட்பது என்னும் குறிக்கோள் இங்குப் பொருந்தாது. ஜப்பானியப் பாடத்தை ‘முழுமையானது’ என்று கொண்டு மற்றவற்றைக் குறைபாடுகளாகக் காண்பது எளிது. ஆனால் அதுவும் கடை எந்திரப் பனுவலின் மறுவாக்கமே.

இதனினும் பொருத்தமான ஒப்புமை முச்சந்தி இலக்கியமாகும். மலிவுத்தாளில் அச்சாகிச் சந்தையில் விற்கப்பட்ட குஜிலி நூல்களும் பெரிய எழுத்துக் கதைகளும் நெடுங்காலம் ஆய்வுக்குரியனவாகக் கருதப்படவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை போன்ற தனியார் சேகரிப்புகளும், ஆ. இரா. வேங்கடாசலபதி முதலியோரின் ஆய்வுகளும் அந்நிலையை மாற்றின. அவற்றின் பதிப்புப்பிழைகளும் மிகைத்தலைப்புகளும் கூடச் சான்றுகளாயின. பல்லாயிரம் எனப் பொய்யெண் சொல்லும் கேசட்டின் மேலொட்டும் அத்தகைய சான்றே. கிடைக்கும் பணத்துக்கு மிகுதியான பொருளைத் தேடிய குடும்பங்களை நோக்கி அது பேசுகிறது.

உரிமம் பெறாத நகலை ஆய்வுப்பொருளாக்குவது அதனை நியாயப்படுத்துவதாகுமா என்னும் வினா எழலாம். ஆகாது. படைத்தோர்க்கு உரிய பெயரும் ஊதியமும் சேரவில்லை என்பது உண்மை. மேற்கூறிய பாயிர அழிவே அதற்குச் சான்று. ஆனால் ஒரு தலைமுறை எதை ஆடியது என்னும் வினாவுக்கு, அது ஆடாத உரிமப் பதிப்பைக் கொண்டு விடைகூற முடியாது.

ஆவணப்படுத்தும் முறை

ஒரு கேசட்டை விவரிக்கும்போது குறைந்தது பின்வரும் ஐந்தையும் பதிவுசெய்தல் வேண்டும்.

1. மேலொட்டில் உள்ள படமும் எழுத்தும், அறிவிக்கப்பட்ட விளையாட்டு எண்ணிக்கையும்.
2. திரிபுகளை நீக்கிய பின் எஞ்சும் உண்மை எண்ணிக்கை.
3. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அடிப்படையான நாட்டுப் பாடம், அதைத் துணிந்த அகச்சான்றுகளுடன்.
4. தலைப்புத்திரை, உயிர்கள், தொடக்க நிலை ஆகியவற்றில் செய்யப்பட்ட மாற்றங்கள்.
5. ஆடிப்பார்த்த எந்திரமும் தொலைக்காட்சி முறையும்.

ஐந்தாவது இன்றியமையாதது. கேசட்டின் தரவை மட்டும் படியெடுத்து எமுலேட்டரில் 60 வேகத்தில் ஓட்டினால், மீண்டும் எவரும் இங்கு ஆடாத ஒரு பாடமே கிடைக்கும். கேசட், எந்திரம், தொலைக்காட்சி மூன்றும் சேர்ந்ததே பனுவல்.

முடிவுரை

தமிழ்நாட்டில் ஆடப்பட்ட கான்ட்ரா, ஜப்பானிய வடிவக் கேசட்டில், அமெரிக்கப் பாடமாக, ஐரோப்பியத் தொலைக்காட்சி வேகத்தில், ஆக்கியோன் பெயரின்றி, துண்டுதுண்டாக வந்துசேர்ந்தது. இத்தொகுப்பு ஜப்பானியரும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் பெறாத ஒன்று. ஒரு கேசட்டை மட்டும் ஆராய்ந்து இக்கட்டுரை இம்முடிவுக்கு வருகிறது. பிற கேசட்டுகள் வேறு பாடங்களைக் காட்டக்கூடும். அவை காட்டவேண்டுமானால் முதலில் எஞ்சியிருக்கவேண்டும். வீடு மாறும்போதும் பரண் ஒழிக்கும்போதும் இவை பழைய இரும்புக் கடைக்கே எடைக்குப் போகின்றன. ஊரப்பாக்கத்துக் கேசட்டும் அப்படிப் போகவிருந்ததே. அது போயிருந்தால், ஆய்வேட்டின் அந்த இயல் பிழையோடே நின்றிருக்கும். பிழை என்று காட்டவும் சான்று இருந்திராது.