கல்லுப்பில் ஒரு கடல்

மேகமலைத் தேயிலைச் சரிவில் வளரும் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கடலைச் சொல்லிக்கொடுக்க நீலத் தாளும் பிளாஸ்டிக் திமிங்கிலமும் தேடி அலைய வேண்டியதில்லை. அடுப்படிக் கல்லுப்பே போதும் என்பது என் கட்சி. ஒரு கரண்டி உப்பைத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். கல் காணாமல் போகும்; நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் உள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். வற்ற வற்ற முதலில் ஓரத்தில் வெள்ளைக் கோடு படியும், பிறகு சின்னச் சின்னச் சதுரங்கள் மினுங்கும். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுதான், பாத்திதான் பெரிது. மேகம் இறங்கிய நாளில் தட்டு காயவே காயாது, உப்பு ஜாடிகூடக் கசியும். அதுவும் பாடம்தான்: ஜூன் மாதத்தில் ஜன்னலை மூடும் மேகம் அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது.

தட்டில் கடலின் விரிவு தெரியுமா, பிள்ளை அதைக் குட்டை என்று நினைத்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பிளாஸ்டிக் திமிங்கிலமும் உள்ளங்கை அளவுதானே? விரிவைச் சொல்ல வைகை இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரையைக் கடந்து, ராமநாதபுரம் பக்கம் கடலை நோக்கிச் சுமார் 258 கிலோமீட்டர் போகும் ஆறு அது. பல ஆண்டுகள் தண்ணீர் கடல்வரை எட்டுவதில்லை. அதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். உயிர்களைப் பற்றிச் சொல்லவோ நெத்திலிக் கருவாடு ஒன்றே போதும். அதன் வெள்ளிப் பக்கத்தைத் தடவி, கண்ணைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளை, இது எங்கே நீந்தியது என்று தானே கேட்கும்.