போனஸை விட்டுக்கொடுத்தவர்

ராத்திரி ஒன்பது மணி டிவி விவாதத்துக்கு மறுநாள் காலையே உடன்குடி பஜார் டீக்கடையில் தீர்ப்பு ரெடி: "நம்மாளு நேத்து சொதப்பிட்டாரு." எல்லார் செல்போனிலும் அதே நாற்பது நொடி வீடியோ. உடன்குடி அனல்மின் நிலையம் ஏன் இத்தனை வருஷம் இழுத்தது என்று எதிராளி கேட்கிறார். கட்சிப் பேச்சாளரான நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "தாமதம்தான். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு" என்கிறார். வீடியோ அதோடு முடிகிறது.

நான் அவர் கட்சிதான், மறைக்கவில்லை. ஆனாலும் ஆட்டம் பார்க்கத் தெரியாதவர்தான் இதைத் தோல்வி என்பார்.

நம்ம பக்கம் கபடி பார்க்காதவர் யார்? ஏழு பேரும் களத்தில் நிற்கிறார்கள். ரைடர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிறான். கார்னரில் நிற்கிற அனுபவசாலி கணுக்காலுக்குப் பாய மாட்டான். ஒரு பாயின்ட்தானே, போகட்டும் என்று விடுவான். ஆத்திரத்தில் பாய்கிற பொடியன்தான் தன்னோடு இன்னும் இரண்டு பேரை வெளியே இழுத்துப் போவான். நம்மவர் விட்டது அந்த போனஸைத்தான். மற்ற பேச்சாளர்களோ நீட்டுகிற காலுக்கெல்லாம் பாய்கிறார்கள். "உங்க ஆட்சியில என்ன கிழிச்சீங்க" என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பிடி.

விவரம் தெரிந்த வாக்காளருக்கு டிவி விவாதத்தால் என்ன லாபம் என்கிறார்கள். தகவல் கிடைக்காதுதான். 660 மெகாவாட் அலகு இரண்டின் கதையை உடன்குடிக்காரனுக்குச் சென்னை ஸ்டூடியோவா சொல்லித் தர வேண்டும்? அவன் பார்ப்பது வேறு: எனக்குத் தெரிந்த உண்மையை இந்த ஆள் ஒத்துக்கொள்கிறாரா? கருப்பட்டி வாங்கும்போதும் இதே கணக்குதான். "இது சீனி கலந்தது, அது அசல்" என்று தானாகச் சொல்கிற கடைக்காரர் நீட்டும் அசலை உடைத்துப் பார்க்காமல் வாங்குகிறோம். 2023-ல் கிடைத்த புவிசார் குறியீட்டை மட்டும் ஆட்டிக் காட்டுகிறவரிடம் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் காசை எடுக்கிறோம்.

அன்று அந்த ஒப்புதலுக்குப் பிறகு நம்மவர் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். கடையில் யாரும் சேனல் மாற்றவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை யாரும் வெட்டி அனுப்பவும் இல்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்குள் கட்சி அவரை ஓரங்கட்டிவிட்டு சத்தக்காரர் ஒருவரை இறக்கும். முதல் வாரம் விசில் பறக்கும். தலைவர்கள் நேருக்கு நேர் உட்காரவே மாட்டார்கள்; 2024 மே மாதம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோக்கூர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் தேசியத் தலைவர்களை நேரடி விவாதத்துக்குக் கடிதம் எழுதிக் கூப்பிட்டே அந்த மேடை அமையவில்லை. தேர்தல் பிரசாரம் ஓய்கிற கடைசி 48 மணி நேரத்தில்தான் டீக்கடையில் ஒருவர் கேட்பார்: "அந்தக் கண்ணாடிக்காரரை எங்கய்யா காணோம்?"

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்கள் கட்சி திருச்செந்தூர் தொகுதியில் ஜெயித்தால், முருகனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்துதான் அடுத்த பத்தியை எழுதுவேன்.