பீங்கான் கடையும் இற்செறிப்பும்

வீட்டுக்குள் அரசமைப்புச் சட்டத்தைக் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை விடுவதைப் போன்றது. 1983 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் ஹர்விந்தர் கவுர் வழக்குத் தீர்ப்பில் நீதிபதி அவத் பிஹாரி ரோஹத்கி எழுதிய உவமை இது. அரசின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவது நீதிபதியின் வேலை என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்த வரம்பு பெண்ணிருக்கும் இடம்வரை வந்து சேர்கிறதா என்று அறிய இந்த உவமையை வாசிக்க வேண்டும். நான் சட்டம் படித்தவள் அல்ல. செய்யுளை வாசிக்கக் கற்பிப்பவள். எதை எதற்கு ஒப்பிட்டார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்ப்பது எங்கள் பழக்கம்.

இங்கே வீடு, பீங்கான் கடை. உரிமை, காளை. உடையக்கூடியது திருமணம். அந்தக் கடைக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்பது மட்டும் உவமையில் இல்லை.

வழக்கு, 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவு பற்றியது. கணவனோ மனைவியோ தக்க காரணமின்றிப் பிரிந்து போனால், சேர்ந்து வாழ ஆணையிடுமாறு மற்றவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். பணியாதவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். ஓராண்டு கடந்தும் சேரவில்லை என்றால் அதையே காரணமாக்கி விவாகரத்துக் கோரலாம். நம் பண்பாட்டின் காவல் என்று சொல்லப்படும் இந்த ஏற்பாடு, இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து காலனிய ஆட்சியின் வழியே வந்தது. 1887இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ருக்மாபாயிடம், கணவரிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்றது. சிறைக்குப் போகவும் தயார் என்றார் அவர். இங்கிலாந்து 1970இல் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. நாம் வைத்திருக்கிறோம்.

தில்லித் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பு, 1983 ஜூலையில், ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் இதே பிரிவு வேறு விதமாக வாசிக்கப்பட்டது. சரிதா எதிர் வெங்கடசுப்பையா வழக்கில் நீதிபதி பி.ஏ. சௌத்ரி 9ஆவது பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தார். உடலுறவு வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமையை இந்த ஆணை பெண்ணிடமிருந்து பிடுங்கி அரசிடம் கொடுக்கிறது என்பது அவர் வாதம். சட்டத்தின் சொற்கள் இருபாலருக்கும் பொதுவானவை. விளைவு அப்படியல்ல, கருவைச் சுமப்பவள் பெண் என்பதையும் அவர் கணக்கில் எடுத்தார்.

இரண்டு நீதிபதிகளும் ஆண்கள். ஆண்டும் சட்டமும் ஒன்றே. வேறுபட்டது, அரசு எங்கே நிற்கிறது என்று அவர்கள் கண்ட இடம். அந்தரங்கமான இல்லத்தில் 14ஆவது, 21ஆவது பிரிவுகளுக்கு வேலையில்லை என்றது தில்லி. இப்படிச் சொன்னதால் அரசு வெளியே நின்றுவிடவில்லை. சேர்ந்து வாழ் என்ற ஆணை அரசின் ஆணை. ஜப்திக்கு வரும் அமீனா அரசின் ஆள். அரசு ஏற்கெனவே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. வாசலில் நிறுத்தப்பட்டது, அரசைக் கட்டுப்படுத்தும் சட்டம் மட்டுமே.

அகம், புறம் என்று பிரித்துப் படித்த நமக்கு இந்தப் பிரிவினை பழகியது. ஆனால் அகப்பாடல்களை ஊன்றிப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஊர் எப்போதும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அலர் எழும், அலருக்கு அஞ்சித் தாய் மகளை வீட்டோடு அடைப்பாள். அதற்கு இற்செறிப்பு என்று பெயரே வைத்திருக்கிறோம். 9ஆவது பிரிவின் ஆணையை அரசு செய்யும் இற்செறிப்பு என்றே நான் வாசிக்கிறேன்.

இதே தில்லி உயர் நீதிமன்றம் 1978இல் ஸ்வராஜ் கார்க் வழக்கில் வேறு மாதிரி பேசியிருந்தது. ஆசிரியை ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டுக் கணவர் இருக்கும் ஊருக்குப் போகத்தான் வேண்டுமா என்பது கேள்வி. குடியிருக்கும் ஊரைக் கணவன் மட்டுமே தீர்மானிப்பது 14ஆவது பிரிவின் சமத்துவத்துக்கு எதிரானது என்றது அன்றைய தீர்ப்பு. அரசமைப்பு வீட்டுக்குள் வந்தது. பீங்கான் எதுவும் உடையவில்லை. ஒரு பெண்ணின் வேலை பிழைத்தது.

1984 ஆகஸ்டில், சரோஜ் ராணி வழக்கில், உச்ச நீதிமன்றம் ஆந்திரத் தீர்ப்பை ஏற்க மறுத்தது. திருமணம் முறியாமல் காக்க இப்பிரிவு உதவுகிறது என்றது. அந்த வழக்கின் கதையோ இதற்கு நேர் எதிரானது. சேர்ந்து வாழ ஆணை கேட்டவர் மனைவி. கணவர் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். பிறகு, ஓராண்டாகச் சேர்ந்து வாழவில்லை என்று அந்த ஆணையையே காட்டி விவாகரத்துக் கேட்டார். இரண்டு நாள் வைத்திருந்து வெளியே தள்ளிவிட்டார் என்று மனைவி சொன்னது எடுபடவில்லை. கணவருக்கு விவாகரத்துக் கிடைத்தது. காக்கப்பட்டது எந்தத் திருமணம்?

சௌத்ரியின் தீர்ப்பைக் கொண்டாடும் நாமும் சரோஜ் ராணியைக் கடந்து போய்விடக் கூடாது. போக்கிடமில்லாத மனைவி, ஒரு கூரைக்காக இதே பிரிவைத் தேடி வருகிறாள். படுக்கையில் நுழையும் அரசைக் கண்ட அந்தத் தீர்ப்பின் கண், அடுப்பு எரியாத வீட்டை அவ்வளவாகப் பார்க்கவில்லை. 9ஆவது பிரிவு போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதோடு அவளுக்கான ஜீவனாம்சமும் குடியிருக்கும் உரிமையும் உறுதிப்பட வேண்டும்.

2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். அந்தரங்கத்தின் பெயரால் ஆணாதிக்கத்தை மறைக்கக் கூடாது என்று நீதிபதி சந்திரசூட் அதில் எழுதினார். அந்தரங்கம் குடும்பத்தின் சொத்தாக இல்லாமல் தனிமனுஷியின் உரிமையானால், 9ஆவது பிரிவு நிற்க இடமில்லை. 2019இல் சட்ட மாணவர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார்கள். பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் சுட்டுவதில்லை. நீதிமன்றத்தில் இந்தப் பெண்கள் தங்கள் பெயரையே கொடுத்தார்கள்; அந்தப் பெயர்களே இன்று சட்டத்தின் தலைப்புகள். அந்தத் தலைப்புகளுக்குக் கீழே என்ன எழுதப்பட்டது என்று நம் மாணவிகள் வாசிக்க வேண்டும். நீதிபதி கருணையுள்ளவரா என்று கேட்பதைவிட, இந்தத் தீர்ப்பில் அரசு எந்த உருவத்தில் வந்திருக்கிறது, அதைத் தடுத்து நிறுத்தியது யார் என்று ஒவ்வொரு பத்தியிலும் கேட்டுப் பழக வேண்டும்.