உணரி பிழை செய்யவில்லை, கணக்கு பிழைத்தது

ஆய்வுக்கூடத்தில் பாதரச வெப்பமானி 30 டிகிரி காட்டுகிறது. அதன் அருகிலேயே ஒரு மாணவர் அமைத்த மின்னணு வெப்பமானி 24 டிகிரி காட்டுகிறது. உணரி பழுதென்று எண்ணி அம்மாணவர் அதை இருமுறை மாற்றிப் பார்த்துவிட்டார். உண்மையில் மாற்றவேண்டியிருந்தது நிரலில் ஒரே ஒரு வரியைத்தான். அந்த வரியை அவர் ஒரு மாதிரி நிரலிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்.

இத்தகைய மாதிரி நிரல்களின் நிறை குறைகளை இங்கே ஆராய்வோம். பத்துப் பதினைந்து வரிகளில் ஒரு கருவியை இயங்க வைத்து, மாணவருக்குத் துணிவூட்டுகின்றன. இது பாராட்டத்தக்கது. ஆனால், நுண்கட்டுப்படுத்தி எவ்வாறு கணக்கிடுகிறது என்பதைப் பற்றி அவற்றுட் பல ஒரு சொல்லும் கூறுவதில்லை.

எல்.எம். 35 என்ற உணரி ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட். அர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையிலுள்ள நுண்கட்டுப்படுத்தி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளப்பதால், நமக்குக் கிடைப்பது 61 என்ற எண். இதை மீண்டும் மில்லிவோல்ட்டாக்க 5000 ஆல் பெருக்கி 1024 ஆல் வகுக்கவேண்டும். தாளில் செய்தால் விடை 297.85.

மாணவரின் நிரலோ முதலில் 5000 ஐ 1024 ஆல் வகுத்தது. முழு எண் வகுத்தலில் மீதி கைவிடப்படும், 4.88 என்பது வெறும் 4 ஆகிவிடும். நான்கு மடங்கு 61, 244 மில்லிவோல்ட். எனவே 24 டிகிரி!

அப்படியானால் முதலில் பெருக்கிவிடலாமே என்பீர்கள். இங்கே வேறொரு பள்ளம் உண்டு. இப்பலகையில் 'இன்ட்' என்பது 16 பிட் கொண்டது. அதில் 32767 வரைதான் அடங்கும். 61 ஐ 5000 ஆல் பெருக்கினால் 305000. எல்லை மீறியதும் அது பெரும்பாலும் −22680 ஆகச் சுருண்டுவிடும். முடிவில் −2 டிகிரி கிடைக்கும். படி எண் 6 வரை விடை சரியாக இருக்கும், 7 ஆனதும் பிசகும். 2023 இல் வந்த ஊனோ ஆர்4 பலகையில் 'இன்ட்' 32 பிட் ஆதலால், அதே நிரல் அங்கே சரியாக ஓடும். குழப்பத்திற்குக் கேட்கவா வேண்டும்?

இவ்விரண்டில் எது கொடியது? −2 என்றால் எவரும் விழித்துக்கொள்வர். 24 என்றால், மார்கழிக் காலையில் யார் ஐயுறுவார்?

தீர்வு எளிது. 32 பிட் கொண்ட 'லாங்' வகையைப் பயன்படுத்தி, முதலில் பெருக்கி, 512 கூட்டி, பிறகு 1024 ஆல் வகுக்கவேண்டும். வகுக்கும் எண்ணில் பாதியைக் கூட்டுவதால் விடை அருகிலுள்ள முழு எண்ணாகும்: 298 மில்லிவோல்ட், அதாவது 29.8 டிகிரி.

பல மாதிரி நிரல்கள் மிதவைப் புள்ளி எண்ணைப் பயன்படுத்தி 29.79 என்று காட்டுகின்றன. இதிலும் ஒரு மயக்கம் உள்ளது. படி எண் 62 ஆனால் விடை 30.27, இடையில் எந்த எண்ணும் வராது. ஒரு படியே ஏறத்தாழ அரை டிகிரி என்னும்போது, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் எதற்கு? பலகையின் 1.1 வோல்ட் உள் ஒப்பீட்டு மின்னழுத்தத்தைப் பயன்படுத்தினால் ஒரு படி சுமார் 0.1 டிகிரியாகும். நுட்பம் அளவீட்டிலிருந்து வரவேண்டும், அச்சிடும் முறையிலிருந்து வரலாகாது.

இவை மாணவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் சிதறியது. ஒரு 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது எல்லைக்குள் அடங்கவில்லை. அந்நிரற்பகுதி ஏரியான் 4 இல் பிழையின்றி இயங்கியதுதான்!

மாதிரி நிரல் எழுதுவோர், அதனுடன் ஒரு கணக்கையேனும் செய்து காட்டவேண்டும். மாணவ நண்பர்களே, நீங்களும் 0, 61, 1023 ஆகிய மூன்று எண்களுக்கு விடையைத் தாளில் கண்டு, நிரலின் விடையோடு ஒப்பிடுங்கள். உணரியைக் கழற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.